மலை ஊசி

எங்கள் பக்கத்தில் திருமலைக்கு மலை என்றுதான் பெயர். நடந்தே மலை ஏறுவதாக வேண்டிக்கொண்டவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள் தலைமுழுகுவார்கள், மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைப்பார்கள், அப்புறம் போய் இடுப்பில் ஓர் ஊசி போட்டுக்கொள்வார்கள். அந்த ஊசிக்கு எங்கள் ஊரில் மலை ஊசி என்று பெயர். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். முட்டி வலிக்காரர்கள், இடுப்பு பிடித்தவர்கள், எழுபது வயதுக் கிழவிகள் எல்லாரும் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார்கள். இறங்கி வந்து, பெருமாளே கைபிடித்து ஏற்றிவிட்டார் என்கிறார்கள். புகழில் பெருமாளுக்குப் பாதி, ஊசிக்குப் பாதி.

இந்தப் பழக்கத்தை எங்கள் ஊரில் வேர்விட வைத்தவர்களில் நானும் ஒருவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் யாரையெல்லாம் திட்டப் போகிறேனோ அவர்கள், ‘நீ மட்டும் யோக்கியமா’ என்று கேட்கிற சிரமம் வேண்டாம்.

நான் மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதியில் விட்டது. நாகலாபுரத்துக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். எங்கள் குடும்பத்துக்குக் கையகல நிலம் கிடையாது. பன்னிரண்டு வயதில் கிணறு வெட்டுகிறவர்களோடு கூடை சுமக்கப் போனேன், இருபதில் அந்தக் கூட்டத்துக்கே மேஸ்திரி ஆனேன். இன்றைக்கு எனக்கு மாந்தோப்பு இருக்கிறது, இரண்டு டிராக்டர் இருக்கிறது, ரோட்டோரமாக நாலு கடை கட்டி விட்டிருக்கிறேன். ஒரு செங்கல்கூட மாமனார் வீட்டிலிருந்து வந்ததில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படிக்காமல் எதிலும் கை வைக்க மாட்டேன் என்று ஊரே சொல்லும்.

மாமரத்துக்கு அடிக்கிற மருந்து டப்பாவைப் பாருங்கள். அதன்மேல் சதுரம் ஒன்றைச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். பச்சை என்றால் விஷம் குறைவு, சிவப்பு என்றால் ஆளையே சாய்த்துவிடும், நடுவில் நீலமும் மஞ்சளும். படிக்கத் தெரியாதவனுக்கென்றே போட்டது. அதைப் பார்க்காமல் நான் ஒரு டப்பாவும் வாங்கியதில்லை. புத்தூரில் நான் வாங்குகிற கடைக்காரனும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறவன் இல்லை. மரம் பூவில் இருக்கிறதா பிஞ்சில் இருக்கிறதா, வயது என்ன, போன வாரம் என்ன அடித்தாய், அதன்மேலேயே இதையும் அடித்தால் இலை கருகிப் போகுமே என்று அத்தனையும் விசாரித்துவிட்டுத்தான் அலமாரியைத் திறப்பான். மருந்து விஷயத்தில் உன்னைப் போல விவரமான ஆள் இந்த மண்டலத்தில் இல்லை என்று விவசாய ஆபீசரே நாலு பேர் முன்னால் என்னைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

என் நாலு கடையில் கடைசிக் கடையை ஓர் ஆரெம்பிக்கு விட்டிருந்தேன். டாக்டர் படிப்பு இல்லாமல், எங்காவது கம்பவுண்டராக இருந்து பழகிக்கொண்டு, ஊருக்குள் வைத்தியம் பார்க்கிறவர்களை எங்கள் பக்கம் ஆரெம்பி டாக்டர் என்போம். இவன் சித்தூரில் ஒரு டாக்டரிடம் எட்டு வருடம் இருந்தவன். மெதுவான பேச்சு. ஊசி குத்தினதே தெரியாது. பஞ்சை வைத்துத் தேய்க்கும்போதுதான் ‘போட்டுட்டியா’ என்று கேட்போம். அவன் வந்த முதல் நாள் கடைக்கு மேல் தெலுங்கில் ஒரு பலகை மாட்டினான். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன். பிடித்தபடியே எழுத்துக் கூட்டிப் படித்தேன்: பிரதம சிகித்ச கேந்திரம். பிரதம என்றால் நமக்குத் தெரியாதா? நாட்டிலேயே பெரியவர் பிரதம மந்திரி. அப்படியென்றால் இது எல்லாவற்றிலும் பெரிய சிகிச்சை. நாகலாபுரத்தில் இல்லாதது, சத்தியவேட்டில் இல்லாதது, என் கட்டடத்தில் இருக்கிறது என்று போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் சொன்னேன். தோப்பில் ஆட்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் நானே கூட்டிப் போய் ‘ரெண்டா போட்டு அனுப்புப்பா, நாளைக்குக் காய் பறிக்கணும்’ என்பேன். ஒரு முறை நானே ஊசி போட்டுக்கொண்டு மலை ஏறினேன், கூட வந்த வயசுப்பிள்ளைகள் எல்லாம் எனக்குப் பின்னால்தான் வந்தார்கள். அந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் மலைக்குப் போகிறவர்கள் அந்தக் கடைக்கு வரிசை கட்டினார்கள்.

என் மனைவியின் வேண்டுதல் எனக்காக வேண்டிக்கொண்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஏரிக்கரைமேல் டிராக்டர் என்னோடு சேர்ந்து கவிழ்ந்தது. விலா எலும்பு நாலு முறிந்து, பேச்சில்லாமல் நான் கிடந்தபோது, ‘இந்த ஆள் எழுந்து உட்கார்ந்தால் அலிபிரி அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறுகிறேன், மோகாள்ள மெட்டை முட்டி போட்டு ஏறுகிறேன்’ என்று அவள் வேண்டிக்கொண்டாள். மோகாளு என்றால் தெலுங்கில் முட்டி. நடைபாதை முடியப் போகிற இடத்தில் செங்குத்தாக நிற்கிற படிகள் அவை. நல்ல காலுக்கே மூச்சு வாங்கும்.

நான் எழுந்து உட்கார்ந்தேன், தோப்பையும் சுற்றி வர ஆரம்பித்தேன். அவள் முட்டிதான் விழுந்துவிட்டது. இரண்டும் தேங்காய் மாதிரி வீங்கி, சாமான் கழுவ உட்கார்ந்தால் எழ முடியாது. அதோடு அவளுக்குப் பிரஷர் உண்டு. ஆறு வருடமாகக் காலையில் ஒரு பிரஷர் மாத்திரை, அதோடு சேர்த்து, ஒன்றுக்கு நிறையப் போகவைக்கிற தண்ணீர் மாத்திரை ஒன்று. வேண்டுதலைக் காரில் போய்த் தீர்த்துவிடலாம், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நான் சொன்னேன்.

“காரு உன்னுது. பெருமாளு கேட்டது என் முட்டிய” என்றாள்.

சரி, முட்டிக்கு ஏதாவது செய்யலாம் என்று அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே புதிதாக வந்த டாக்டரம்மாவுக்கு என் மருமகள் வயதுதான் இருக்கும். தெலுங்குக்காரி, தமிழ் பாதிதான் வரும். முட்டியை அழுத்திப் பார்த்தாள், மாத்திரை அட்டைகளை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் படித்தாள். ரத்தம் ஒரு முறை பரிசோதித்துக்கொண்டு வாருங்கள், மலை இப்போது வேண்டாம், வெயில் தாழ்ந்ததும் பார்க்கலாம் என்றாள். வலிக்கு ஒத்தடம், காலை நீட்டி மடக்குகிற பயிற்சி என்று சொல்லி, சாதாரணக் காய்ச்சல் மாத்திரையையே எழுதினாள். எனக்கு எரிச்சல். ஊசி போடுங்கள் என்றேன்.

“சூதி ஒத்து, பெத்தாயனா” என்றாள். ஊசி வேண்டாம் பெரியவரே. இந்தப் பிரஷர் மாத்திரையோடு வலி ஊசி சேரக் கூடாது, கிட்னிக்கு ஆபத்து.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெளியே வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, ஊசி போடக் கை நடுங்குகிறவர்களை எல்லாம் கவர்மெண்டு ஏன்தான் அனுப்புகிறதோ என்று சொன்னேன். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த சீட்டை எடுத்தாள். ஆபத்து என்ற வார்த்தையை நான் காதால் கேட்டேன். மருந்து டப்பாவில் சிவப்பைக் கண்டால் இரண்டு அடி தள்ளி நிற்கிற நான், ஒரு டாக்டர் வாயால் சொன்ன சிவப்பைக் கேட்டுவிட்டு நேராக என் கடைசிக் கடைக்கு வந்தேன்.

ஆரெம்பி ஒன்றும் கேட்கவில்லை. “மலைக்கா வதினா?” என்று அண்ணியை விசாரிக்கிற மாதிரி விசாரித்தான், அவ்வளவுதான். அன்றைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று, கிளம்புகிற அன்று விடியலில் ஒன்று. நடுவில் காலையும் மாலையும் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளை மாத்திரை, காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். இரண்டாம் நாளே அவள் நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்தாள். பார்த்தாயா, கவர்மெண்டு டாக்டருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்று அவளிடம் பெருமை பேசினேன்.

சித்திரை வெயில். மூன்றாவது ஊசியை அவள் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டாள், ஏனென்றால் விரதம். பிரஷர் மாத்திரையையும் தண்ணீர் மாத்திரையையும் மட்டும் விடவில்லை, வழக்கம்போல முழுங்கினாள். வழியில் தண்ணீர் குடிக்கவும் மாட்டேன் என்றாள். ஆம்பிளைகளுக்கு இது புரியாது. மலைக்கு நடக்கிற பெண்கள் பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பிடம் தேட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், புடவை நனையும், மடி போகும்.

ஆனால் ஏறினாள். என்ன சொல்வது, கல்யாணமாகி வந்த வருடம் கூடை சுமந்து ஏரிக்கரை ஏறினாளே, அப்படி ஏறினாள். நான் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன், அவள் உட்காரவில்லை. மோகாள்ள மெட்டில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டி போட்டாள். மேலே போய்ப் பார்த்தால் இரண்டு முட்டியிலும் தோல் உரிந்து ரத்தம் புடவையில் ஒட்டியிருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை. வலிக்கவில்லையா என்று கேட்டேன், எங்கே என்று அவள் திருப்பிக் கேட்டாள். எனக்கு அப்போது கண் கலங்கிவிட்டது, பக்தி என்று நினைத்தேன். அப்புறம் தரிசன வரிசையில் எட்டு மணி நேரம். இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்திருப்பாள்.

ஊருக்கு வந்த மறுநாள் வாந்தி. முகம் ஊதியிருந்தது. இடுப்பிலிருந்து எல்லாம் வலிக்கிறது என்றாள். நான் ஆரெம்பியை வீட்டுக்கே கூப்பிட்டேன். மலை ஏறின அலுப்பு அண்ணா, இன்னொன்று போட்டால் சரியாகிவிடும் என்றான். போடு என்றேன். நாலாவது ஊசி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. முதல் மூன்றுக்கு வேண்டுதல் என்று ஒரு சாக்கு இருந்தது. நாலாவதற்கு என்ன சாக்கு?

என் மருமகள் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள், படித்தவள். அவள்தான் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டிருக்கிறாள், கடைசியாக ஒன்றுக்கு எப்போது போனீர்கள் என்று. நேற்றுக் காலை என்று பதில். அதைக் கேட்ட பிறகு நாங்கள் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. என் மகன் காரை எடுத்தான், திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும் புத்தூர் எப்போது வந்தது எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

அங்கே கிட்னி டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, என்ன ஊசி போட்டீர்கள். பவர் ஊசி என்றேன். பெயர் என்றார். மலை ஊசி என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மருந்து எதுவென்று தெரியாமல் இந்த அம்மாவுக்கு நான் எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது, இன்னும் உடம்பில் என்ன போயிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்றார். ஆரெம்பிக்குப் போன் போட்டேன். அவன் அன்றைக்குக் கடை திறக்கவில்லை. பவர் ஊசிதான் அண்ணா, பயப்படாதே என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

கடையின் இரண்டாவது சாவி என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. வீட்டில் இருந்த மருமகளுக்குப் போன் போட்டு, கதவைத் திறந்து குப்பைத் தொட்டியைக் கொட்டிப் பார் என்றேன். டாக்டர் எனக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். போனில் கண்ணாடி உருளுகிற சத்தம் கேட்டது.

“மாமா, எல்லா பாட்டில்லயும் ஒரே பேருதான் கீது. டைக்ளோபெனாக்.”

டாக்டர் தலையசைத்தார். வெள்ளை மாத்திரையும் இருக்கும், அதன் அட்டையைப் பார் என்றேன்.

“அதேதான் மாமா. ஊசியில இருக்கறதேதான் மாத்திரையிலயும் கீது. அட்டைமேல செவப்புல கோடு போட்டு, டாக்டரு சீட்டு இல்லாம குடுக்கக் கூடாதுன்னு எழுதிகீது.”

சிவப்புக் கோடு. மனுஷன் தின்கிற மருந்துக்கும் சிவப்பு போடுகிறார்கள் என்று எனக்கு அறுபத்தேழு வயதில்தான் தெரிந்தது. காகிதத்தில் மடித்து மடித்துக் கொடுத்து அந்தக் கோட்டை அவன் என் கண்ணில் காட்டவே இல்லை. நானும் காட்டு என்று கேட்கவில்லை. மரத்துக்கு அடிக்கிற மருந்தென்றால் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன்.

டாக்டர் அதன்பிறகு பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதை நான் என் பாஷையில் இப்படிப் புரிந்துகொண்டேன். கிட்னி ஒரு வயல் மாதிரி, ரத்தம்தான் பாய்ச்சல். வலி ஊசி மேல் மதகை மூடிவிட்டது. பிரஷர் மாத்திரை கீழ் மதகைத் திறந்துவிட்டது. மற்ற நாளில் அந்த மாத்திரை நல்லதுதான், அதை நிறுத்தக் கூடாது. ஆனால் மேலே மூடியிருக்கும்போது கீழே திறந்தால் வயலில் தண்ணீர் எப்படி நிற்கும்? தண்ணீர் மாத்திரை ஏரியையே இறைத்துவிட்டது. அவள் விரதமும் வெயிலும் சேர்ந்து ஏரிக்கு வருகிற மழையையும் நிறுத்திவிட்டன. வயல் காய்ந்துவிட்டது. இது திரும்புமா, திரும்பாதா என்பது இப்போது சொல்ல முடியாது. ஒன்றுக்கு வர ஆரம்பித்தால் திரும்புகிறது என்று அர்த்தம். வராவிட்டால் காலத்துக்கும் மெஷின்தான்.

அந்த மருந்து விஷமா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆபரேஷன் ஆனவர்களுக்கும் சிறுநீர்க் கல் வலிக்காரர்களுக்கும் அடுத்த வார்டில் நாங்களே போடுகிறோம், நல்ல மருந்து என்றார். போடுவதற்கு முன்னால் கிட்னி எப்படி, வயிற்றில் புண் உண்டா, இருதய வியாதி உண்டா, ஆஸ்துமா உண்டா, வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்போம். வயதைப் பார்ப்போம். குறைந்த அளவில், ஒரு நாள் இரண்டு நாள், அதற்குமேல் மாத்திரைக்கு மாற்றிவிடுவோம், இரண்டையும் சேர்த்துக் கொடுக்க மாட்டோம். இவ்வளவுதான் என்றார். புத்தூர் பூச்சி மருந்துக் கடைக்காரன் கேட்கிற அதே கேள்விகள். என் மாமரங்களுக்கு நாற்பது வருடமாக இந்த மரியாதை நடக்கிறது. என் பெண்டாட்டிக்கு ஒரு நாளும் நடக்கவில்லை.

மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். கட்டிலுக்குக் கீழே, மூத்திரம் சேருகிற, அளவுக்கோடு போட்ட பை ஒன்று தொங்கியது. நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு ஐந்து நாள் உட்கார்ந்திருந்தேன். அடியில் ஈரம் மாதிரி ஏதோ இருக்கும், அவ்வளவுதான். கிணறு வெட்டும்போது பாறையில் ஊற்று வருமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அந்த ஞாபகம்தான் வந்தது. ஆனால் கிணற்றில் வராவிட்டால் இன்னொரு இடத்தில் தோண்டலாம். என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரி ஒருத்தி, மலையில் ஏதாவது தீட்டு பட்டிருக்கும், வேண்டுதலில் குறை வைத்திருப்பாள் என்று என் காதுபடவே சொன்னாள். எழுந்து போ என்று சொன்னேன். ரத்தம் வர முட்டி போட்டு ஏறினவள் வேண்டுதலில் என்ன குறை? குறை முழுவதும் எங்களிடம் இருக்க, அதைத் தூக்கிப் பெருமாள் தலையிலும் அவள் தலையிலும் வைக்கிற இந்த வழக்கத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாலாம் நாள் ஆரெம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் இளநீர் இரண்டு. கிட்னிக்காரிக்கு இளநீர் கூடாது என்று வாசலிலேயே நர்சு வாங்கி வைத்துவிட்டாள். அதுவும் தெரியாமல் வந்தான் பாருங்கள். அவனை வராந்தாவின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

“அவ பிரசர் மாத்திர துன்றாளான்னு ஒரு வார்த்த கேட்டியா?”

“நீ சொன்னியா அண்ணா?”

“சொல்றதுக்கு நான் இன்னா டாக்டரா?”

“நான் மட்டும் டாக்டரா அண்ணா?” என்றான்.

குரலை உயர்த்தவே இல்லை. அவன் எப்போதும் பேசுகிற அதே மெதுவான பேச்சு. எனக்கு அறைய வேண்டும் என்று கை எழுந்தது, அப்படியே நின்றுவிட்டது.

“பதினோரு வருசமா நீங்கதான் டாக்டரு டாக்டருன்னு கூப்ட்டுக்கினு கீறீங்க. நான் ஒரு நாளாச்சும் அப்படிச் சொல்லிக்கினேனா? உன் கடமேலதான தொங்குது பலக. பிரதம சிகித்ச. மொதல் உதவி அண்ணா. வெரல்ல அடிபட்டா கட்டு கட்றது. அத்த மட்டும் செய்யறேன்னுதான் எழுதிப் போட்டன். ஊசி போடு, ரெண்டா போடுன்னது யாரு?”

முதல் உதவி. தெலுங்கில் பிரதம என்றால் முதலாவது. பெரியது இல்லை. அதை நான் பிரதம மந்திரியாக்கி ஊர் பூராவும் தம்பட்டம் அடித்திருக்கிறேன். தெலுங்கு படித்த பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் பலகைக்குக் கீழே நின்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போனார்களோ. பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று ஒருவரும் திருத்தவில்லை.

அதற்காக அவனை நான் விட்டுவிடவில்லை. முதல் உதவி என்று பலகை போட்டவன் கட்டு கட்டுவதோடு நின்றிருக்க வேண்டும். ஜனம் கேட்கிறது, போடாவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள் என்றான். ஜனம் கேட்டால் பாலிடால் கொடுப்பாயா என்றேன். அவனுக்குச் சீட்டில்லாமல் அட்டை அட்டையாக விற்ற மருந்துக் கடைக்காரனுக்கும் இதில் பங்கு உண்டு. எனக்கும் உண்டு. கடையைக் காலி பண்ணு என்று மட்டும் சொன்னேன்.

ஆறாம் நாள் காலையில் பையில் மஞ்சளாக இரண்டு விரல் கனம் இருந்தது. கூட்டுகிற அம்மா குனிந்து பார்த்து, “வச்சிந்தி” என்றாள். வந்துவிட்டது. தெலுங்கில் ஒரே வார்த்தை. பாறையைப் பிளந்து ஊற்று வந்த அன்றைக்குக்கூட நான் அப்படி உட்கார்ந்து அழுததில்லை. என் மனைவி கட்டிலில் இருந்தபடியே என்னைப் பார்த்து, “இதுக்கா அழுவுற? நான் தெனமும் போறதுதான்” என்றாள்.

முழுதாகத் திரும்பவில்லை. முக்கால்வாசி இருக்கிறது என்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும், உப்பு அளவு, வலி ஊசியும் அந்த ஜாதி மாத்திரையும் ஆயுசுக்கும் ஆகாது. முட்டி வலி பழையபடி வந்துவிட்டது. வென்னீர் ஒத்தடம், காலை நீட்டி மடக்குகிற பயிற்சி, காய்ச்சல் மாத்திரை. முதலில் அந்தச் சின்ன டாக்டரம்மா சொன்னது இதுதான். தோப்பில் முதல் பறிப்பு வந்ததும் ஒரு கூடை மாம்பழத்தோடு அவளிடம் போனேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கூடையை மேஜைமேல் வைத்துவிட்டு, அன்றைக்கு வரிசையில் நின்றவர்கள் காதில் விழுந்த அதே சத்தத்தில், இந்த டாக்டரம்மா சொன்னதைக் கேட்காமல் என் பெண்டாட்டி கிட்னியைக் கெடுத்தவன் நான் என்று சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவள் பழத்தைத் தொடவில்லை, ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்டாள். மனப்பாடமாகச் சொன்னேன். சரி, அடுத்த மாதம் கூட்டி வாருங்கள் என்று எழுதிக்கொண்டு, மாம்பழத்தை வரிசையில் இருந்த குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொன்னாள்.

ஆரெம்பி அடுத்த தெருவில் கடை போட்டுவிட்டான். அதே பலகை. இன்னும் மலை ஊசி போடுகிறான். அவங்களுக்கு ஒத்துக்கல, எனக்கு ஒத்துக்குது என்று போட்டுக்கொள்கிறவர்கள் என் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். கிட்னி கெட்டுப்போகிறவரைக்கும் எல்லாருக்கும் ஒத்துக்கத்தான் செய்யும். என் பழைய கடையில் இப்போது தையல்காரி ஒருத்தி இருக்கிறாள். அங்கேதான் என் மனைவி மத்தியானம் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். இடம் மாறினது தெரியாமல் வெளியூர்க்காரர்கள் இன்னும் வருகிறார்கள், தலைமுழுகி, ஈரத் தலையோடு, டாக்டர் எங்கே என்று கேட்டுக்கொண்டு. நான் இருந்தால் சத்தம் போடுவேன், பிரஷர் மாத்திரை துன்றியா, சுகர் கீதா, வயித்துல புண்ணு கீதா என்று. கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று நகர்ந்துவிடுவார்கள்.

அவள் சத்தம் போடுவதில்லை. போன வாரம் பிச்சாட்டூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி, அவள் வயதுதான், முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். என் மனைவி அடுத்த தெருவுக்கு வழி சொன்னாள்.

“போறதுன்னா போ. போறதுக்கு முன்னாடி பின்னால கக்கூஸ் கீது, ஒரு வாட்டி ஒன்னுக்குப் போய்ட்டு வா. வரும்போது அதோட அரும தெரியாதுடியம்மா. ஆறு நாளு வராம படுத்தவ சொல்றேன்.”

அந்த அம்மா சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. அப்புறம் தன் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, வேறு மாத்திரை ஏதாவது துன்றியா என்று கேட்டாள், அந்த அம்மா உட்கார்ந்து தன் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துத் தையல்காரியிடம் நீட்டினாள், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லி.